உழைப்பாளியின் இருதயமும் வயல் வரப்பின் தண்ணீர்க் குடமும்

பயிருக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை நீர் பாய்ச்சவேண்டும் என்பதை நம் விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மண்ணின் நிறத்தையும் இலையின் வாட்டத்தையும் பார்த்தே அவர்கள் அதனை அறிந்துகொள்வார்கள். ஆனால் அப்பயிரை நடவும், களையெடுக்கவும், அறுக்கவும் வந்த ஆட்களுக்கு எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை குடிதண்ணீர் வேண்டும் என்னும் கணக்கு வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வரப்பின்மேல் வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்பது பொதுவான எண்ணம். அக்குடம் வெயிலில் காய்ந்து சுடுவதும், பத்து மணிக்கே காலியாவதும், வேலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் நடப்பதற்கு ஆட்கள் கூசுவதும் ஒவ்வொரு கிராமத்திலும் காணக்கூடியவை.

கோடையில் நடுப்பகலில் ஓர் ஆள் மயங்கி விழுந்தால், "வெயில் தாங்கவில்லை", "பித்தம்", "காலையில் சாப்பிடவில்லை" என்று பலவாறு சொல்லுகிறோம். அவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் பெரும்பான்மையான சமயங்களில் நேர்ந்திருப்பது வேறு. அவனுடைய இரத்தத்தில் நீர் குறைந்துபோயிற்று. இருதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தம் போதவில்லை. ஆதலால் மூளைக்கு வேண்டிய அளவு செல்லவில்லை. இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நன்கு உணர்ந்துகொண்டால் அதனைத் தடுக்கும் வழியும் தானே விளங்கும். அவ்வழி செலவு மிகுந்ததுமன்று, கடினமானதுமன்று.

கிணறும் இறைக்கும் யந்திரமும்

கிணற்றில் மின்சாரப் பம்பு வைத்திருக்கும் விவசாயிக்கு ஒரு விஷயம் அனுபவத்தில் தெரியும். பம்பு எவ்வளவு வலியதாயிருந்தாலும், ஊற்றிலிருந்து கிணற்றுக்குள் வருகின்ற தண்ணீருக்கு மேல் அதனால் நெடுநேரம் இறைக்க முடியாது. சித்திரை வைகாசியில் ஊற்றுக் குறைந்தபோது பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். வாய்க்காலில் நீர் மெலியும். பின்பு காற்றை உறிஞ்சும். அப்போது பம்பைக் குறை கூறுவதிற் பயனில்லை.

மனிதனுடைய இருதயமும் ஓர் இறைக்கும் யந்திரமே. வயது வந்த ஒருவனுக்கு ஓய்வாயிருக்கும்போது அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 70 தடவை அடிக்கின்றது. ஒவ்வோர் அடிக்கும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகின்றது. ஆகவே நிமிஷம் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவன் உடம்பில் உள்ள இரத்தம் முழுவதும் சற்றேறக்குறைய 4 லிட்டருக்கு மேல் இராது. அதாவது, உடம்பிலுள்ள இரத்தம் அத்தனையும் ஒரே நிமிஷத்துக்குள் இருதயத்தின் வழியாக ஒருமுறை சுற்றிவந்துவிடுகின்றது. இரத்தம் இவ்வாறு வட்டமாகச் சுற்றுகின்றது என்பதை இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் வருஷத்தில் அச்சிட்ட தம் நூலில் நிலைநாட்டினார். அவர் செய்ததும் இத்தகைய கணக்கே. அரைமணி நேரத்தில் இருதயம் தள்ளும் இரத்தம் உடம்பில் உள்ள மொத்த இரத்தத்தைவிட அதிகமாக இருக்கக் கண்டு, சென்ற இரத்தமே திரும்பி வரவேண்டும் என்று தெளிந்தார்.

திரும்பி வருவதைத்தான் இருதயம் தள்ளமுடியும். இது முக்கியமாக நினைவில் வைக்கத்தக்கது. மிகுதியாக வந்து நிரம்பினால் இருதயத்தின் தசை நன்கு விரிந்து வலிமையுடன் சுருங்கும். குறைவாக வந்தால் ஒவ்வோர் அடிக்கும் தள்ளும் அளவு குறையும். இவ்விதியை ஜெர்மனியில் ஆட்டோ ஃபிராங்க் என்பவரும், அவருக்குப் பின் இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்பவரும் ஆராய்ந்து கூறினர். ஆனால் பம்புக்கும் இருதயத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பம்பைச் சற்று நிறுத்திவைத்து, ஊற்று ஊறியபின் மறுபடி ஓட்டலாம். இருதயத்தை நிறுத்திவைக்க இயலாது. ஒவ்வோர் அடிக்கும் கிடைக்கும் அளவு குறைந்தால், அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் அது ஈடுசெய்யவேண்டும்.

வியர்வை எங்கிருந்து வருகின்றது

மனித தேகத்தின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு நீராகும். 60 கிலோ எடையுள்ளவன் உடம்பில் சுமார் 36 லிட்டர் நீர் இருக்கும். இதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்குள்ளே அடங்கியிருப்பது. எஞ்சியதில் பெரும்பகுதி தசைகளின் இடைவெளிகளில் தங்கியிருக்கும். இரத்தக் குழாய்களுக்குள் ஓடும் நீர்ப்பகுதி இரண்டரை லிட்டருக்கும் குறைவே. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் வாய்க்காலில் ஓடுவது சிறிதளவே அல்லவா? அது போன்றது இது. அந்தச் சிறிதளவை நம்பியே இருதயமும், மூளையும், சிறுநீரகமும் வேலை செய்கின்றன.

உழைக்கும்போது தசைகளில் உஷ்ணம் உண்டாகின்றது. அதனை வெளியேற்றாவிட்டால் உயிர் தாங்காது. வெளியேற்றுவதற்குத் தேகம் இரண்டு உபாயங்களைக் கையாளுகின்றது. முதலாவது, சூடான இரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து ஆறவிடுதல். ஓய்வில் அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குச் செல்லும் இரத்தம், கடும் வெப்பத்தில் நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரையிலும் உயரக்கூடும். இரண்டாவது, வியர்வையைச் சுரந்து ஆவியாக்குதல். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாகுமானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி உஷ்ணத்தைக் கொண்டுபோகும். ஆனால் கடற்கரை ஜில்லாக்களில் காற்றிலே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போகின்றது. அப்போது நீர் நஷ்டம் உண்டு. குளிர்ச்சி என்னும் லாபம் இல்லை. உள்நாட்டு வெயிலைவிடக் கடற்கரைப் புழுக்கம் சில நாட்களில் கொடியதாவதற்குக் காரணம் இதுவே.

இப்போது இருதயத்தின் நிலையைக் கவனிக்கவும். அறுக்கின்ற கைக்கும், குனிந்த முதுகுக்கும் இரத்தம் வேண்டும். ஆறுவதற்காகத் தோலுக்கும் இரத்தம் வேண்டும். அதே சமயத்தில் வியர்வையின் வழியாக இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துகொண்டே போகின்றது. தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே நேரத்தில் நீர் கேட்கிறார்கள். ஏரியின் மட்டமோ இறங்குகின்றது. மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டியின் சங்கடமே இருதயத்தின் சங்கடம்.

ஒரு முற்பகலின் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஓர் ஆள் கரும்பு வெட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கடும் வெயிலில் அத்தகைய வேலையில் மணிக்கு முக்கால் லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஒரு லிட்டருக்கு மேலும் போவதுண்டு. முக்கால் லிட்டர் என்றே கொண்டாலும் நான்கு மணி நேரத்தில் 3 லிட்டர் போகின்றது. அவன் இடையில் குடித்தது ஒரு லிட்டர். ஆகவே பற்று 2 லிட்டர். இஃது அவன் எடையில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேலாகும்.

தேகத்தின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு நீர் குறைந்தால், அதே வேலைக்கு இருதயம் நிமிஷத்துக்கு 3 முதல் 5 அடி வரையில் கூடுதலாக அடிக்கின்றது என்பது ஆராய்ச்சிகளிற் கண்ட உண்மை. நம் ஆளுக்கு நிமிஷத்துக்கு 10 அடி கூடிற்று என்று மிகக் குறைத்தே கணக்கிடுவோம். மணிக்கு 600 அடி அதிகம். இந்த 600 அடிகளால் ஒரு கரும்பேனும் கூடுதலாக வெட்டப்படவில்லை. தண்ணீர் கொடாமையால் இருதயத்தின்மேல் சுமத்திய வீண் சுமை அது.

இத்துடன் நிற்பதில்லை. கழுத்து நாடியிலும், இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்புகள் உள்ளன. அழுத்தம் குறையும் குறி கண்டதும் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே குடல், சிறுநீரகம் முதலியவற்றின் குழாய்கள் சுருக்கப்பட்டு, அங்கே செல்லும் இரத்தம் மற்ற இடங்களுக்குத் திருப்பப்படுகின்றது. மூளையின் அடியிலுள்ள ஒரு சிறு சுரப்பியிலிருந்து வரும் ரசம், சிறுநீரைக் குறைக்கும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகின்றது. சிறுநீர் அளவிற் குறைந்து மஞ்சள் கறுத்துப் போவது இதனாலேயே. கடைசியில் தோலுக்குச் செல்லும் இரத்தமும் குறைக்கப்படுகின்றது, வியர்வையும் தளர்கின்றது. குளிர்விக்கும் வழி அடைபடுவதால் தேகத்தின் சூடு ஏறுகின்றது. அபாயம் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

வேலை முடிந்து சட்டென்று நிற்பவன் மயங்கி விழுவதன் காரணமும் இங்கே விளங்கும். உடம்பிலுள்ள இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருதயத்துக்குத் திரும்பும் குழாய்களில் இருப்பது. கால்களின் தசைகள் அசையும்போது அவை அக்குழாய்களை அழுத்தி இரத்தத்தை மேலே ஏற்றுகின்றன. அசையாமல் நின்றால் இரத்தம் காலில் தேங்குகின்றது. முன்னமே இரத்தம் குறைந்திருக்கும் நிலையில் இத்தேக்கமும் சேர்ந்தால் இருதயத்துக்கு வருவது போதாமற்போய் மூளை இருளடைகின்றது. மயங்கியவனைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் அவன் கண் விழிப்பதும் அதே காரணத்தினால்தான்.

தாகத்தை நம்பலாமா

"தாகம் எடுத்தால் தானே குடிக்கமாட்டானா?" என்று கேட்பவர் உண்டு. தாகம் பிந்தி வரும் சாட்சி. எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு நீர் போனபின்பே அது நன்றாகத் தெரிகின்றது. மேலும், தாகம் தீரக் குடித்தவனும் இழந்தது அனைத்தையும் மீளக் குடிப்பதில்லை. 1940-க்குப் பின் அமெரிக்காவின் பாலைவனப் பிரதேசங்களில் போர்வீரர்களை வைத்துச் சோதித்த அடால்ஃப் என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும், பக்கத்தில் தண்ணீர் இருந்தபோதிலும் உழைப்பவர்கள் தாம் இழந்ததில் ஒரு பகுதியையே குடிக்கிறார்கள் என்று கண்டு 1947-இல் வெளியிட்டனர். குறை, உணவு உண்ணும்போதுதான் நிரம்பியது. பக்கத்தில் தண்ணீர் இருந்தவர்களின் கதியே இப்படியானால், தண்ணீர் நான்கு வயலுக்கு அப்பால் இருப்பவர்களைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

வியர்வையில் நீருடன் உப்பும் போகின்றது. 1920-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள், வெறும் தண்ணீரை ஏராளமாகக் குடித்தும் தசைப்பிடிப்பினால் துடித்தனர். தண்ணீரில் சிறிது உப்புக் கலந்து கொடுத்தபின் அத்துன்பம் நீங்கிற்று. உப்பிட்ட கஞ்சியும், நீராகாரமும், நீர்மோரும் நம் நாட்டு உழவர் நெடுங்காலமாக உண்டுவருவன. நீரும் உப்பும் ஒருங்கே சேருவதால் அவை இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானவை. இளநீர் நல்லதே; எனினும் அதில் சோடியம் என்னும் உப்புச் சத்து குறைவு. ஆதலால் வியர்த்து உழைத்தவனுக்கு அது மட்டும் போதாது.

நீரும் உப்பும் நாடியை மீட்ட வரலாறு

இரத்தத்தில் நீர் குறைவதே உயிரைக் கொல்லும் என்பதற்கு வாந்திபேதியைவிடத் தெளிவான அத்தாட்சி வேறில்லை. அந்நோயில் சில மணி நேரத்துக்குள் பல லிட்டர் நீர் கழிந்துபோகின்றது. கண் குழிந்து, கை குளிர்ந்து, நாடி தொடுகைக்கு எட்டாமல் ஒடுங்குகின்றது. 1832-ஆம் வருஷம் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்னும் வைத்தியர், நாடி ஒடுங்கிய நோயாளிகளுக்கு உப்புக் கலந்த நீரை நேரே இரத்தக் குழாய்க்குள் செலுத்தினார். பிணம்போற் கிடந்தவர்களுக்கு நாடி திரும்பிற்று, முகம் தெளிந்தது. கழிச்சல் நிற்காமல் மறுபடியும் நீர் குறைந்தபோது சிலர் இறந்தனர், சிலர் பிழைத்தனர்.

ஊசியின்றி வாய்வழியே அதே பலனைப் பெறலாம் என்பது பிற்காலத்திற் கண்டது. குடலில் சர்க்கரை உள்ளே ஏறும்போது உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகின்றது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கின்றது. 1971-இல் வங்காளத்து அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில், ஊசிமருந்து நீர் தீர்ந்துபோன நெருக்கடியில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினரையே எடுத்துக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் மரணம் நூற்றுக்கு நான்குக்கும் குறைந்தது. பீப்பாயிலிருந்து செம்பில் மொண்டு கொடுத்தவர்கள் வைத்தியர்களல்லர். தாயும் தகப்பனும் அண்ணனும் தங்கையுமே. கிராமத்தார் இதனை முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

நாள்தோறும் நேரும் நஷ்டம்

ஒருநாள் மயங்கி விழுவது கண்ணுக்குத் தெரிகின்றது. நாள்தோறும் சிறிது சிறிதாக நேரும் நஷ்டம் தெரிவதில்லை. இருதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்வது இயல்பு. வெயிலில் உழைக்கும்போது அந்தப் பங்கு மிகவும் குறைக்கப்படுகின்றது. மத்திய அமெரிக்காவின் பசிபிக் கடற்கரைச் சமவெளிகளில் கரும்பு வெட்டும் இளைஞர் பலருக்கு, நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டுப்போவதை எல் சால்வடார் தேசத்து வைத்தியர்கள் 2002-இல் வெளியிட்டார்கள். இந்நோய்க்குக் காரணம் ஒன்றா பலவா என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது. ஆயினும் கடும் வெப்பத்தில் கடும் உழைப்பும், அடிக்கடி நேரும் நீர்க்குறைவும் முதன்மையான காரணங்களாகச் சந்தேகிக்கப்படுகின்றன.

அதே எல் சால்வடாரில் 2014–15-ஆம் பருவத்தில் ஒரு சோதனை செய்யப்பட்டது. ஒவ்வோர் ஆளுக்கும் முதுகில் தொங்கும் தண்ணீர்ப் பை கொடுத்தார்கள், இடம் மாற்றக்கூடிய நிழற்பந்தல் அமைத்தார்கள், குறித்த நேரத்தில் ஓய்வு கொடுத்தார்கள், வெட்டுக்கத்தியையும் திருத்தினார்கள். ஓய்வினால் வேலை குறையுமென்று அஞ்சியதற்கு மாறாக, ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 5.1 டன்னாக இருந்த வெட்டு 7.3 டன்னாக உயர்ந்தது. கத்தியின் திருத்தமும் இதில் சேர்ந்தமையால் பலன் முழுவதும் தண்ணீரால் வந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் தண்ணீர் குடிக்க நிற்பதனால் வேலை கெடும் என்னும் வாதம் அங்கே நிலைக்கவில்லை.

நிலச்சொந்தக்காரர்கள் செய்யவேண்டுவன

1. குடத்தை வரப்பின் கடைசியில் வைக்காமல், வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் நிழலில் வைக்கவேண்டும். வேலை நகர நகரக் குடமும் நகரவேண்டும். ஈரத் துணி சுற்றிய மண்பானை தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும். குளிர்ந்த தண்ணீரை மனிதன் அதிகமாகக் குடிப்பான்.

2. 15 அல்லது 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, ஒவ்வொருவருக்கும் கொடுக்கவேண்டும். தண்ணீர் எடுத்துச் செல்வதற்கென்றே ஓர் ஆளை நியமித்தால் வேலை தடைப்படாது. கேட்பதற்குக் கூசுபவர்களும் குடிப்பார்கள்.

3. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேற் குடிக்கலாகாது. அளவு மீறினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்க் குழப்பமும் வலிப்பும் நேரிடலாம்.

4. முற்பகலில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் உப்பிட்ட நீர்மோரோ கஞ்சியோ கொடுப்பது நலம். கள், சாராயம் முதலியவை சிறுநீரை மிகுவித்து நீர் நஷ்டத்தை அதிகப்படுத்துமாகையால் அவற்றை விலக்கவேண்டும்.

5. கத்திரி வெயில் நாட்களில் விடியுமுன் தொடங்கி, உச்சி வேளைக்குமுன் கடினமான வேலையை முடிக்கவேண்டும்.

6. புதிதாக வந்தவர்களையும், நோய்ப்பட்டு எழுந்தவர்களையும், ஒரு வாரத்துக்கு மேல் வேலையின்றி இருந்தவர்களையும் முதல் நாளே முழு வேலையில் விடலாகாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, அடுத்த நாள் ஐந்தில் இரண்டு பங்கு என்று படிப்படியாக ஏற்றவேண்டும். வெயிலிற் பழகப் பழகத் தேகம் தானே இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பெருக்கிக்கொள்ளும். வியர்வையில் உப்பையும் சிக்கனம் செய்யும். இப்பழக்கம் முற்ற ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும்.

7. பெண்கள் பலர் வேலைக்கு வருமுன்னும் வேலையிடையிலும் வேண்டுமென்றே தண்ணீர் குடியாமல் இருக்கிறார்கள். ஒதுங்குவதற்கு மறைவான இடம் இல்லாமையே காரணம். வயலருகில் ஒரு தட்டி மறைப்பும் கைகழுவ நீரும் அமைக்காமல், "குடியுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை.

8. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பவர்கள், இருதய நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோர் நீரையும் உப்பையும் எவ்வளவு கொள்ளலாம் என்பதைத் தம் வைத்தியரிடம் கேட்டு நடக்கவேண்டும். அவர்களைக் கத்திரி வெயிலில் வேலைக்கு அழைப்பது தகாது.

கொடுத்த தண்ணீர் போதுமா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நெல்லும் மணிலாவும் நிறுக்கும் தராசு களத்தில் இருக்கின்றது. வேலைக்கு முன்னும் பின்னும் ஆட்கள் அதில் ஏறி நிற்கட்டும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். 60 கிலோ எடையுள்ளவனுக்கு 1 கிலோ 200 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் அன்றைய தண்ணீர் போதவில்லை என்பது முடிவு. தராசு இல்லாத இடத்தில் சிறுநீரின் நிறமே சாட்சி. வைக்கோல்போல் வெளிறிய மஞ்சளாயிருந்தால் நலம். கறுத்துக் குறைந்தால் நீர் போதாது.

மயங்கியவனுக்குச் செய்யவேண்டுவன

தலைசுற்றல், தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல், நாடித் துடிப்பு மிகுதல் ஆகியவை முதற் குறிகள். உடனே நிழலில் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, காலை உயர்த்தி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். மருந்துக் கடைப் பொட்டலம் இல்லையேல், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய சிறு தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை என்னும் அளவில் கலந்துகொள்ளலாம். உப்பு அளவு மீறலாகாது.

பேச்சுக் குழறினாலும், தடுமாறினாலும், நினைவு தப்பினாலும், உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலும் அது வெப்ப அதிர்ச்சி. தேகத்தின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். நினைவற்றவன் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். தண்ணீரை உடம்பின்மேல் குடம் குடமாக ஊற்றி விசிறவேண்டும். பம்பு செட்டின் தொட்டி அருகில் இருந்தால் தலையை மேலே தாங்கிக்கொண்டு கழுத்து மட்டும் அமிழ்த்தலாம். 108 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்து, வண்டி வரும்வரையில் குளிர்விப்பதை நிறுத்தாமல் செய்யவேண்டும்.

கால்நடைகளுக்கும் இதே விதி

மாடுகளின் இருதயமும் இதே விதிக்கு உட்பட்டது. உழவு மாட்டை நடுப்பகலில் ஓட்டிவிட்டு மாலையில் மட்டும் தொட்டியில் விடுவது தவறு. எருமைக்கு வியர்வை குறைவாதலால் நீரில் கிடக்கவாவது, உடம்பின்மேல் தண்ணீர் ஊற்றவாவது வேண்டும். கழிச்சல் கண்ட கன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்க்கவும். மடிப்பு உடனே விரியாமல் நின்றாலும், கண் குழிந்திருந்தாலும் இரத்தத்தில் நீர் வற்றியது என்று அறியவேண்டும். பாலை நிறுத்தாமல், இடையிடையே உப்பு நீரும் புகட்டிக் கால்நடை வைத்தியருக்குச் சொல்லவேண்டும். எழுந்து நிற்கமாட்டாத கன்றுக்கு வாய்வழி நீர் போதாது, ஊசிவழியே செலுத்தவேண்டியிருக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு

தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்க வழி செய்தது. அது நல்ல ஏற்பாடே. ஆயினும் அத்தொகையை ஒரு குடும்பமும் கேட்கவேண்டிய அவசியம் நேராமற் செய்வது கிராம அதிகாரிகளின் கையில் ஓரளவு இருக்கின்றது. கோடை தொடங்குமுன் வயற்புறத்துக் கைப்பம்புகளையும் குடிநீர்த் தொட்டிகளையும் பார்வையிட்டுப் பழுது தீர்க்கலாம். வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் தண்டோராவோ ஒலிபெருக்கியோ மூலம் வேலை நேரத்தை மாற்றும்படி அறிவிக்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்திலிருந்து உப்பு சர்க்கரைப் பொட்டலங்களை வாங்கி, அறுவடை நடக்கும் பகுதிகளில் முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம்.

கிணற்றில் ஊற்றுக் குறைந்தால் பம்பை நிறுத்தி யந்திரத்தைக் காப்பாற்ற நாம் ஒருவரும் மறப்பதில்லை. அது விலை கொடுத்து வாங்கிய பொருள். நம் வயலில் குனிந்து நிற்பவரின் மார்புக்குள் இருக்கும் யந்திரத்துக்கு அவ்வாறு ஓய்வு கொடுக்கும் விசை இல்லை. அதற்கு வேண்டியது நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீரும், ஒரு பிடி உப்பிட்ட மோர்ப் பானையும், ஒரு பந்தல் நிழலுமே. வருகின்ற கோடைக்குமுன் ஒவ்வொரு நிலச்சொந்தக்காரரும் விதையும் எருவும் சேகரிக்கும்போதே இவற்றையும் சேகரித்துக்கொள்வாராக.